அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆகஸ்டில் கிளம்புகிறேன். அங்கே வளாகப் போலீஸ் என்பது நிஜப் போலீஸா, செக்யூரிட்டியா? அவர்களை எதற்கெல்லாம் அழைக்கலாம்?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் நிஜப் போலீஸ்தான். துப்பாக்கி உண்டு, கைது செய்யும் அதிகாரம் உண்டு. பல தனியார் பல்கலைக்கழகங்களில் அந்த அதிகாரம் இல்லாத காவலர்கள்தான் இருப்பார்கள். பெரிய குற்றம் என்றால் நகரப் போலீஸ் வரும். உங்களுடையது எந்த வகை என்பது அதன் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் இருக்கும்.

அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதுதான் முக்கியம். 1986இல் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990இல் வந்ததுதான் கிளெரி சட்டம். அதன்படி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள் முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வருவது வளாகமும், பல்கலைக்கழகக் கட்டடங்களும், வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலைகளும் மட்டுமே. நம் பிள்ளைகள் நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வெளி அபார்ட்மென்ட் அதில் வராது. அதனால் அறிக்கையில் எண்கள் குறைவு என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நகரப் போலீஸின் குற்ற வரைபடத்தில் அந்தத் தெருவைப் பாருங்கள். வளாகப் போலீஸ் வைத்திருக்கும் தினசரிக் குற்றப் பதிவேட்டில் கடைசி 60 நாள் பதிவுகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆபத்து என்றால் 911. செல்பேசியிலிருந்து அழைத்தால் அது பல இடங்களில் நகர அல்லது கவுன்டி கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். வளாகக் கட்டடங்களின் செல்லப்பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முதலில் கதவு எண்ணும் தெருப் பெயரும், பிறகு நடந்தது. வளாகப் போலீஸின் நேரடி எண்ணையும் சேமித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் திருட்டு, சந்தேகப்படும்படி யாரோ சுற்றுவது, இரவில் ஆய்வகத்திலிருந்து துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்கெல்லாம் அந்த எண் போதும். துணைக்கு வருவது பெரும்பாலும் இலவசம். தயங்காமல் கேளுங்கள், அதற்காகவே அந்தச் சேவை இருக்கிறது.

2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை 7:15 மணியளவில் முதல் துப்பாக்கிச் சூடு. மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது 9:26க்கு. சிறிது நேரத்தில் அதே கொலையாளி இன்னொரு கட்டடத்திலும் சுட்டான். மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே, ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி எச்சரிக்க வேண்டும் என்று கிளெரி சட்டம் திருத்தப்பட்டது. அந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தி உங்களுக்கு வராமல் போவதற்கு வழக்கமான காரணம், சேர்க்கையின்போது கொடுத்த இந்திய எண்ணை மாற்றாமல் விடுவது. அமெரிக்க சிம் வாங்கிய அன்றே மாணவர் கணக்கில் எண்ணை மாற்றிவிடுங்கள்.

காரில் போகும்போது பின்னால் போலீஸ் விளக்கு எரிந்தால் வலது ஓரமாக நிறுத்துங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கி அவரை நோக்கி நடக்கக் கூடாது. கைகள் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும்; உரிமத்தை எடுப்பதற்கு முன் சொல்லிவிட்டு எடுங்கள்.

"உங்கள் விசாவில் சிக்கல், உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்" என்று போலீஸ் பெயரில் அழைப்பு வந்தால் அது மோசடி. திரையில் வளாகப் போலீஸின் எண்ணே தெரிந்தாலும் நம்பாதீர்கள், எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். துண்டித்துவிட்டு, நீங்கள் சேமித்து வைத்த எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள்.