மலை இறங்காத அம்மா

அன்புள்ள ஐயா,

குன்னூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. நான்கு வருஷம் முன்னால் மேட்டுப்பாளையம் இறங்கும்போது பஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் போய், டிரைவர் வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. அதன்பின் அம்மா மலை இறங்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, 'மயங்கி விழுந்துடுவேன்டா' என்கிறார். இ.சி.ஜி., தைராய்டு, ரத்த அளவு எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவையில் தங்கையின் பிரசவத்துக்குக்கூட அம்மா வரவில்லை. இப்போது கண்புரை ஆபரேஷனும் தள்ளிப்போகிறது. நாங்கள் அவரை வற்புறுத்துவதே இல்லை, கீழே ஆகவேண்டிய எல்லா வேலையையும் நாங்களே முடித்துவிடுகிறோம். மாரியம்மன் கோயில் கயிறும் கட்டியிருக்கிறோம். அது மூடநம்பிக்கை என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரியா? அம்மா தினமும் சொல்லிக்கொள்ள நேர்மறை வாக்கியங்களோ, நல்ல புத்தகமோ சொல்ல முடியுமா?

ச., குன்னூர்

*

அன்புள்ள ச.,

வாக்கியமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், உங்கள் வீட்டுச் சண்டைக்கு நான் வரவில்லை. கயிறு அவிழ்ந்த அன்று பஸ் ஏறமாட்டேன் என்று அம்மா சொன்னால் அப்போது பேசுவோம்.

'வற்புறுத்துவதே இல்லை, எல்லாவற்றையும் நாங்களே முடித்துவிடுகிறோம்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். மலைக் குடும்பங்களில் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண மண்டபம், பெண் வாக்கப்பட்ட வீடு எல்லாம் கீழே. மலை இறங்கப் பயப்படுகிறவருக்கு இத்தனையும் அடைபடுகிறது. வெளியே நின்று பாசத்தோடு தாழ்ப்பாள் போடுகிறவர்கள் பிள்ளைகள்.

அம்மாவின் பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிற சாலை அது, 14 கொண்டை ஊசி வளைவுகளோடு. கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 'இன்னிக்கு வேண்டாம்' என்றால் அது புத்திசாலித்தனம். ஆனால் ஸ்டாண்டில் நிற்கிற பஸ் எந்த மண்மேட்டிலும் மோதப்போவதில்லை. அங்கே வருகிற படபடப்பின் கணக்கு வேறு.

பயத்தில் மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரலும் உதட்டோரமும் மரத்துப்போவது, தலை லேசாவது எல்லாம் அதனால்தான். மலை இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக் காதும் அடைக்கும். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும், ஆனால் பயந்தவருக்கு அதுவும் 'ஏதோ ஆகுது' என்பதற்குச் சாட்சி. மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று விழ வேண்டும். இந்த மாதிரிப் படபடப்பில் அது பெரும்பாலும் ஏறவே செய்கிறது. அதனால்தான் நான்கு வருஷமாக 'விழுந்துடுவேன்' என்று சொல்கிற அம்மா ஒரு தடவைகூட விழவில்லை. விழுந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சரி, விழவில்லை என்பது அவருக்கு ஏன் உறைக்கவில்லை? ஒவ்வொரு தடவையும் பயம் உச்சிக்குப் போகும் நேரத்தில் நீங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறீர்கள். வீட்டுக்குள் வந்ததும் படபடப்பு அடங்குகிறது. 'நல்லவேளை, திரும்பிட்டோம்' என்று உடம்பு எழுதிவைத்துக்கொள்கிறது. அங்கேயே நின்றிருந்தாலும் அது அடங்கியிருக்கும் என்பதை அது பார்த்ததே இல்லை. உச்சத்துக்குப் போன படபடப்பு பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகவே இறங்கத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடத்தை அம்மாவுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது உங்கள் அன்பு.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டை அறையின் அந்தக் கோடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அந்தக் குழந்தை முயலைத் தடவிக்கொடுத்தது. முயலை ஒளித்துவைத்திருந்தால் இது நடந்திருக்காது.

உங்கள் வேலை இதுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். பயத்துக்கு 0 முதல் 100 வரை அம்மாவே எண் போடட்டும். ஸ்டாண்டில் புறப்படாத பஸ்ஸில் கால் மணி நேரம் உட்காருவது 25 என்பார். ஊட்டிப் பக்கம் அருவங்காடு வரை போய்வருவது 35 இருக்கலாம். கீழ்ப்பக்கம் காட்டேரி வரை 50, மரப்பாலம் 60, பர்லியார் 75, கல்லாறு 85. மேட்டுப்பாளையத்துக்குத் தனியாக, ஜன்னலோரம் உட்கார்ந்து போவது 100. எண்கள் அவருடையவை, நீங்கள் திருத்தாதீர்கள். கீழ்ப்படியிலிருந்து ஆரம்பியுங்கள். அதே படியை வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, எண் பாதியாகும் வரை. பிறகு அடுத்தது.

ஏறுவதற்கு முன் அம்மா தன் கையால் எழுத வேண்டும்: 'மூணாவது வளைவுல மயங்கிடுவேன், நூத்துக்கு 80 நிச்சயம்.' இறங்கியதும் பக்கத்திலேயே நடந்ததை எழுத வேண்டும். நீங்கள் கேட்ட நேர்மறை வாக்கியத்தை ஆயிரம் தடவை சொன்னாலும் இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது. 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று பயந்தவர் சொல்லும்போது, உள்ளே ஒரு குரல் 'ஆச்சுன்னா?' என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை வாயடைக்க நோட்டால்தான் முடியும்.

பாதியில் தாங்கவில்லை என்றால் பர்லியாரில் இறங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. பழக்கடை ஓரமாக நின்று எண் இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த கீழ் பஸ்ஸில் ஏறுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது மேலே திரும்பினால் அந்த வாரப் பாடு வீண். மாதத்துக்கு ஒரு தடவை போவதும் உதவாது, நடுவில் பயம் திரும்ப வளர்ந்துவிடும். 'ஒரே மூச்சில் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயிடலாம்' என்று ஒரு மாமா கிளம்புவார். அவரை வீட்டிலேயே உட்கார வையுங்கள்.

இப்போது முக்கியமானது. கையில் எலுமிச்சம்பழம், மடியில் கவர், டிரைவருக்குப் பின்சீட், கண்ணை இறுக்க மூடிக்கொள்வது, உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வது, நீங்கள் இடைவிடாமல் பேசிப் பராக்குக் காட்டுவது. முதல் இரண்டு நாள் இருக்கட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எலுமிச்சையை முகர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தவர் 'எலுமிச்சை காப்பாத்துச்சு' என்றுதான் நம்புவார். பழம் மறந்துபோன அன்று பழைய இடத்துக்கே வந்துவிடுவார். நிஜமாகவே குமட்டுகிறதென்றால் அது வேறு. முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பது குமட்டலுக்குச் சரியான வைத்தியம். பயத்துக்கு இல்லை.

இருப்பதிலேயே பெரிய எலுமிச்சம்பழம் நீங்கள்தான். வளைவுக்கு வளைவு முகத்தைத் திரும்பிப் பார்த்து 'ஒண்ணுமில்லையேம்மா?' என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்கக் கேட்க, ஏதோ இருப்பதால்தான் கேட்கிறான் என்று அவருக்கு ஊர்ஜிதமாகும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வாருங்கள். ஐந்தாவது ஆறாவது பயணத்தில் இரண்டு சீட் பின்னால் தள்ளி உட்காருங்கள். பிறகு முன்னால் போய் கல்லாறில் காத்திருங்கள். வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைக் குழந்தை பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே படித்துவிடும்.

பதற்றத்தை அடக்குகிற அல்பிரசோலம் மாதிரி மாத்திரையை யாராவது 'பஸ் ஏறும்போது பாதி போடுங்க' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பழகிவிடும், தவிர நடந்ததற்கெல்லாம் அம்மா நன்றி சொல்வது மாத்திரைக்காக இருக்கும். மருந்து வேண்டுமா என்பதை மனநல மருத்துவர் சொல்லட்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். அந்த விபத்து அவர் கனவில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் தனியாக எதையும் ஆரம்பிக்காமல் முதலில் அங்கே போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கண் ஆபரேஷனை மேலேயே முடித்துக்கொள்ளலாம் என்று அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள். முடித்துக்கொள்ளலாம்தான். புரை முற்றியிருந்தால் உடனே அதைச் செய்யுங்கள். முற்றவில்லை என்று கண் டாக்டர் சொன்னால் கோவையில் எட்டு வாரம் தள்ளி ஒரு தேதி வாங்குங்கள். போன் செய்து வாங்க வேண்டியவர் அம்மா, நீங்கள் இல்லை.