அனுபவம் இல்லாமல் அவுட்சோர்சிங்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: ஜவுளிக்கடையில் டேலியில் கணக்கு எழுதிய பழக்கம் மட்டும்தான். நான்கு பேரை வைத்து என்ன வேலை எடுத்துச் செய்யலாம்? (திருப்பாதிரிப்புலியூர்)

கையில் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) இருக்கும்போது வேறு துறை தேட வேண்டாம். கால் சென்டர் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு ஆடிட்டர் அலுவலகங்களையும் மொத்த வியாபாரிகளையும் போய்ப் பாருங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) கெடு 11-ம் தேதி, 3பி-க்கு (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20. நடுவே 14-ம் தேதி 2பி (விற்றவர்கள் காட்டிய கணக்குப்படி வரும் கொள்முதல் பட்டியல்) வந்துவிடும். ஆகவே பில் எல்லாம் 5-ம் தேதிக்குள் உங்கள் மேஜைக்கு வந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 10-ம் தேதி ராத்திரி மங்கலான வாட்ஸ்ஆப் போட்டோவாக வந்து குவிந்தால் தப்பு நடக்கும், பழி உங்கள் தலையில்தான் விழும்.

நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்று உண்டு. ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. புதுச்சேரி மொத்தக்கடைச் சரக்கு கடலூரில் வந்து இறங்கினால் அது ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி). பக்கத்து ஊர்தானே என்று உள்மாநில வரிகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டாகப் பிரித்துப் போடுகிறார்கள், 2பி-யோடு ஒத்துப்போகாது. காரைக்காலுக்குப் போகும் வழி நெடுக தமிழ்நாடுதான், ஆனாலும் எண் 34. காரைக்காலில் வாங்கும் சரக்கு புதுச்சேரிக் கடைக்கு உள்மாநிலக் கொள்முதல். வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடம் இதுவாக இருக்கட்டும்.

கட்டணத்தை மொத்தமாகச் சொல்லாதீர்கள். மாதம் 300 பில் வரை இவ்வளவு, அதற்கு மேல் பில்லுக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். தீபாவளி மாதத்தில் அருமை தெரியும்.

கே: படிவம் நிரப்பும் பிராஜெக்ட். 10 சீட்டுக்கு (பத்து பேர் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு) ஒன்றரை லட்சம் டெபாசிட், 11 மாத ஒப்பந்தம் என்கிறார்கள். நம்பலாமா? (வில்லியனூர்)

வேண்டாம். வேலை கொடுப்பவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். அவர் உங்களிடம் வாங்குகிறார் என்றால் அங்கே வாடிக்கையாளர் நீங்கள்தான். இது நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான்: படிக்கவே முடியாத ஸ்கேன் பக்கங்கள், 98 சதவீதம் துல்லியம் என்ற நிபந்தனை, ஒரு கமா விட்டால்கூட ஒரு பிழை, சரிபார்ப்பதும் அவர்களே. முதல் மாதமே "தரம் போதவில்லை" என்று பணத்தை நிறுத்திவிடுவார்கள். டெபாசிட்டே கேட்காத கும்பலும் உண்டு. ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, பிறகு ஒப்பந்த மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டு மிரட்டிப் பணம் கறப்பார்கள்.

யாராக இருந்தாலும் மூன்று கேளுங்கள்: வேலையின் உண்மையான சொந்தக்காரர் யார், பிழைகளை எப்படி எண்ணுகிறார்கள், ஒரு வாரம் கூலியோடு மாதிரி வேலை தருவார்களா. மூன்றாவது கேள்வியிலேயே பாதிப்பேர் போனை வைத்துவிடுவார்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, வங்கியில் அந்தப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

கே: மணிக்கு என்ன விலை சொல்வது? மற்றவர்கள் 100 ரூபாய்க்கே தருகிறார்கள். (நெல்லிக்குப்பம்)

ஒருவருக்குச் சம்பளம் 14,000. வாடகை, கரண்ட், இன்டர்நெட், கம்ப்யூட்டர் தேய்மானம், மேற்பார்வை எல்லாம் தலைக்கு 8,000 என்று வைப்போம். மொத்தம் 22,000. புதியவர்கள் இதை 26 நாள், 8 மணி என 208 மணியால் வகுத்து 106 ரூபாய் என்று முடிவுக்கு வருகிறார்கள். விடுப்பு, பயிற்சி, திருத்த வேலை, கோப்பு வரும்வரை சும்மா உட்காருவது எல்லாம் போக, பில் போடக் கிடைப்பது 140 மணி என்றால் அடக்கமே 157 ரூபாய். 20 சதவீத லாபம் சேர்த்தால் 188. உங்கள் கணக்கும் இப்படித்தான் இருந்தால் 100 ரூபாய்க்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள். எண்ணிக்கைக்கு விலை பேசுவதாக இருந்தால், 100 படிவம் முடிக்க ஆகும் நேரத்தைச் சுமாரான ஆளை வைத்து அளந்து பாருங்கள். கெட்டிக்காரரை வைத்து அளந்தால் விலை தப்பும். ஆள் 10 ஆனால் இஎஸ்ஐ, 20 ஆனால் பிஎஃப். இதை இன்றைக்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: வீட்டில் பிரெஞ்சு பேசுவோம். அதை வைத்துத் தொழில் செய்ய முடியுமா? (புதுச்சேரி)

முடியும். உங்கள் ஊருக்கு இருக்கும் பெரிய பலமே அதுதான். ஆனால் பேச்சு போதாது, எழுத்து வேண்டும். வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் ஆளுக்கு டெல்ஃப் (பிரெஞ்சு மொழித் தேர்வு) பி2 அளவாவது இருக்கட்டும். பாரிசில் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்க வேலை போல ராத்திரி கண் விழிக்கத் தேவையில்லை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் மாறும், ஷிப்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

எண்களில்தான் கை தவறும். அவர்கள் 1 250,50 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதும் அரையும். கமாவை நம் பழக்கத்தில் ஆயிரக் குறியாக நினைத்துத் தட்டினால் தொகை நூறு மடங்காகிவிடும். ஐரோப்பியத் தனிநபர் தரவைத் தொடுவதற்கு முன் அவர்கள் ஜிடிபிஆர் சட்டப்படி நிலையான ஒப்பந்த விதிகளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி லாகின், யுஎஸ்பி பூட்டு, மேஜையில் செல்போன் கூடாது. இவை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: கடலூரில் அலுவலகம், புதுச்சேரியில் கிளையன்ட். என்னென்ன பதிவு வேண்டும்? (மஞ்சக்குப்பம்)

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி கட்டாயமில்லை, மாநிலம் தாண்டினாலும் அப்படித்தான். பதிவு செய்தபின் வெளிநாட்டு வேலை வந்தால் ஆண்டுதோறும் எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்து வரியில்லாமல் பில் போடலாம். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓஎஸ்பி பதிவு (கால் சென்டர் போன்றவை தொலைத்தொடர்புத் துறையில் செய்துவந்தது) 2020 நவம்பரிலிருந்தே தேவையில்லை.

கே: புயல் காலத்தில் வேலை நின்றால்? (கடலூர் முதுநகர்)

2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர், இந்தக் கேள்வி நியாயமானது. 150 ஏஎச் பேட்டரி இரண்டு இருந்தால் நடைமுறையில் சுமார் 2,150 வாட்-மணி கிடைக்கும். ஆறு டெஸ்க்டாப் (தலா 120 வாட்) மூன்று மணி நேரம் ஓடும்; ஆறு லேப்டாப் (தலா 50 வாட்) ஏழு மணி நேரம். இரண்டு நிறுவன இன்டர்நெட் வாங்கி, இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் பயனில்லை. ஒன்று மொபைல் இணைப்பாக இருக்கட்டும். டவரும் சாயும் நாளுக்குத் திருச்சி மாதிரி கடலை விட்டுத் தள்ளிய ஊரில் இரண்டு சீட் பேசிவைத்து, அதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள்.

கே: மூன்று மாதப் பணம் பாக்கி. என்ன செய்ய? (பாகூர்)

உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் வாங்குபவர் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் எம்எஸ்எம்இ வசதிக் குழுவுக்குப் போகும். பதிவு வேலைக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், பின்னால் எடுத்துக்கொண்டு பழைய பாக்கிக்குப் போனால் சிக்கல். இனி வரும் புது கிளையன்டுக்கு முதல் இரண்டு மாதம் 15 நாளுக்கு ஒரு பில் போடுங்கள். ஒரு பில் பாக்கி நிற்கும்போது அடுத்த கட்டு வேலையை அனுப்பாதீர்கள்.