இன்னும் நான்கு வாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் குடியிருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. மாமியாரும் எங்களோடுதான். மகள் ரொம்ப நாளாகப் பூனைக்குட்டி கேட்டு அடம்பிடிக்கிறாள். ஊத்துக்குளிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் பூனை நாலு குட்டி போட்டு ஒரு மாதம் ஆகிறது. மஞ்சள் ஒன்று, சாம்பல் வரி இரண்டு, கறுப்பு வெள்ளை ஒன்று. மகளுக்கு மஞ்சள்தான் வேண்டுமாம். மாமியார், பிடரியைப் பிடித்துத் தூக்கும்போது காலைச் சுருட்டிக்கொள்கிற குட்டிதான் நல்ல குட்டி என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார்.

எங்கள் பையன் ஓரிடத்தில் நிற்கமாட்டான். அவனைக் கடிக்காத, கீறாத, சாதுவான குட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? பெர்சியன் பூனை சாது என்கிறார்களே, அதையே வாங்கிவிடலாமா? எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை, பாலும் தயிர்ச்சோறும் போதுமா? சரிப்பட்டு வராவிட்டால் திரும்பத் தோட்டத்திலேயே விட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். நீங்கள் பூனைகளைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் கணவர் சொன்னதை முதலில் பேசி முடித்துவிடுவோம். வீட்டுக்குள் ஆறு மாதம் வளர்ந்த பூனையைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டால், அங்கே இருக்கிற தாய்க்கு அது குட்டி இல்லை, யாரோ. சீறித் துரத்தும். பட்டி நாய்க்கு அது இரை. வேட்டையாடவும் தெரியாது, ஓடி ஒளியவும் இடம் தெரியாது. பூனை பதினைந்து வருடம் இருக்கக்கூடிய உயிர். உங்கள் மகளுக்கு அப்போது இருபத்துநாலு வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அதுவரை இது நம் வீட்டு உயிர் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் எடுங்கள். ஒருவருக்கு மனமில்லை என்றாலும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

உங்கள் கடிதத்துக்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன வாரம் எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறிக் கடைகளுக்குப் பின்னால், தக்காளிப் பெட்டிக்குள் மூன்று குட்டிகளை யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பல் முளைத்தும் முளைக்காத குட்டிகள். மூன்றுக்கும் கண் நீலம். போகிறவர் வருகிறவர் எல்லாம் "கண்ணப் பாருங்க, என்ன அழகு" என்றார்கள். பூனைக்குட்டிகளுக்கு முதல் சில வாரங்கள் கண் அப்படித்தான் இருக்கும். ஆறு ஏழு வாரத்துக்குப் பிறகுதான் சொந்த நிறம் வரத் தொடங்கும். அந்த நீலத்துக்கு, தாயை விட்டு எடுக்கக்கூடாத வயது என்று அர்த்தம். ஒருவர் நல்ல மனதோடு கொட்டாங்குச்சியில் பசும்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பசும்பால் குட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, பெரும்பாலும் கழிச்சலில்தான் முடியும். அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

நிறத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவனாக இருக்கும், மூன்று நிறம் கலந்தது என்றால் அநேகமாகப் பெட்டையாக இருக்கும். அந்த மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம். அதற்குமேல் நிறத்தை வைத்துக் குணம் சொல்ல முடியாது. பிடரியைப் பிடித்துத் தூக்கினால் எல்லாக் குட்டியும்தான் காலைச் சுருட்டும், தாய் வாயில் கவ்வித் தூக்கும்போது அடங்கிக் கிடப்பதற்காக ஏற்பட்டது அது. பெர்சியன் வேண்டாம். சப்பை மூக்கை வைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிற பூனையைத் திருப்பூர் சித்திரை வெயிலில் வைத்து வளர்ப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள், அல்லது உங்கள் மாமியார் போயிருப்பார். காளை பிடிக்க வந்தவர் சுழி பார்க்கிறார், வாயைப் பிளந்து பல் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், தாய் யார் வீட்டு மாடு என்று விசாரிக்கிறார். நிறம் மயிலையா காரியா என்பதெல்லாம் இவற்றோடு சேர்ந்த ஒன்று. அதே மனிதர் பூனைக்குட்டி என்று வந்ததும் நிறத்தைப் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். நீங்கள் நான்கு குட்டியின் நிறத்தையும் எழுதியிருக்கிறீர்கள். தாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அது ஆள் வந்தால் காலைச் சுற்றுகிற பூனையா, ஓட்டின்மேல் ஏறி ஓடுகிற பூனையா? குட்டிகளை யாராவது தினமும் தொட்டுத் தூக்குகிறார்களா? சாது வேண்டுமென்றால் கேட்க வேண்டியது இவைதான்.

பூனைக்குட்டி மனிதர்களோடு பழகிக்கொள்கிற பருவம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அதற்குள் மனிதக் கை எத்தனை படுகிறதோ அவ்வளவுக்கு நம்மிடம் ஒட்டும். அந்த வாரங்கள் போய்விட்டால் அப்புறம் எவ்வளவு கொஞ்சினாலும் பாதிதான் வரும். பிறவிக் குணம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. 1995-இல் சான்ட்ரா மக்கியூன் என்கிற ஆய்வாளர், ஆளோடு ஒட்டுகிற கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் அந்த அப்பனைக் கண்ணால் பார்க்காமலே துணிச்சலாக இருந்ததைக் காட்டினார். ஆனால் நம் தோட்டங்களில் அப்பன் யார் என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஈற்றில் இரண்டு அப்பன் இருப்பதும் பூனையில் உண்டு. நம் கையில் இருப்பது தாயும் அந்த வாரங்களும்தான்.

சென்னிமலைக்குத் தெற்கே என் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின் தோட்டம். சாளை என்கிற தோட்டத்து வீட்டில் அட்டாலிப் பரண்மேல் ஒரு பழைய மக்கிரிக் கூடை கிடக்கும், அந்த வீட்டுப் பூனை அதில்தான் குட்டி போடும். குட்டிகள் கண் திறந்து, காது நிமிர்ந்ததும் அம்மிச்சி மக்கிரியோடு கீழே இறக்கிவிடுவார். பொழுது சாய்ந்தால் திண்ணையில் உட்கார்ந்து விதைக்கடலை உரிப்பார். மடியில் ஒரு குட்டி இருக்கும். கொஞ்சநேரம் கழித்து அதை இறக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். கொஞ்சமாட்டார், பேசமாட்டார், கடலை உடைகிற சத்தத்துக்கு நடுவே அது பாட்டுக்குக் கிடக்கும். பால் எடுக்க வருகிறவர், மாட்டுத் தரகர், பண்டம் வாங்க வருகிற பெண்கள், யார் வந்து உட்கார்ந்தாலும் "இத சித்த புடிங்க" என்று கையில் ஒரு குட்டியைக் கொடுத்துவிடுவார். 1967-இல் வந்த ஓர் ஆய்வைப் பிற்பாடு படித்தேன். ஒரே ஆள் தூக்கிய குட்டிகளையும் ஐந்து பேர் தூக்கிய குட்டிகளையும் ஒப்பிட்டதில், ஐந்து பேர் தூக்கியவை புது ஆளைக் கண்டு பயப்படுவது குறைவாக இருந்ததாம். படிக்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் நின்றது.

ஆறேழு ஊர் தள்ளியிருந்தெல்லாம் அம்மிச்சி வீட்டுக் குட்டி கேட்டு வருவார்கள். பக்கத்துப் பங்காளி தோட்டத்திலும் பூனை உண்டு. அது சோளத்தட்டுப் போருக்குள் ஈன்று, இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளோடு வெளியே வரும். அந்தக் குட்டிகளை யாரும் கிட்டே போய்த் தொட முடியாது. முதுகை வளைத்து, காதைப் படியவைத்துச் சீறும். இரண்டு வீட்டுப் பூனைக்கும் அந்த வட்டாரத்தில் சுற்றிய கடுவன் ஒன்றுதான், ஒரு காது கிழிந்த கடுவன்.

குட்டி கேட்டு வருகிறவர்களிடம் அம்மிச்சி ஒன்றில் கறார். உறவில் ஒருவர் வந்து, "ஏனுங் அத்தை, எலித் தொல்லை தாங்கலீங், இப்பவே ஒண்ணக் குடுத்துருங்" என்று நின்றது நினைவிருக்கிறது. அம்மிச்சி கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தாய் இன்னும் அடிச்சுப் பழக்குல. இப்பக் கொண்டுட்டுப் போனீன்னா உன்ற கையத்தான் புடுங்கிப்போடும். ஆடி கழிஞ்சு வா" என்றார். அவர் எவ்வளவோ கெஞ்சினார். கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்ட 'கடிக்காத குட்டி' அங்கேதான் உருவாகிறது, ர. நான்கு வாரக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடுவதை ஒருநாள் தரையில் படுத்துப் பாருங்கள். ஒன்று இன்னொன்றின் கழுத்தைக் கவ்வும். பல் அழுந்திவிட்டால் கடிபட்டது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தி நகர்ந்துவிடும். கடித்தது அப்படியே நிற்கும், பிறகு போய் இன்னும் மெதுவாகக் கவ்விப் பார்க்கும். தாயின் வாலைக் கடித்தால் தாய் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் பாதத்தால் மண்டையில் ஒன்று வைக்கும். மறுபடி கடித்தால் முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும், நகத்தை எப்போது உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்படித்தான் படிக்கிறது. நான்காம் வாரத்தில் பிரித்துவிட்டால் இந்தப் பாடம் பாதியில் நிற்கும். மீதியை உங்கள் பையன் கையில்தான் படிக்கும். அப்புறம் 'இது முரட்டுக் குட்டி' என்று பெயர் வைத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவீர்கள்.

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5000-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி விவரம் சேகரித்து 2017-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த பூனைகளிடம் மூர்க்கம் கூடுதலாகவும், பதினான்கு வாரம் வரை தாயோடு விட்டவற்றிடம் குறைவாகவும் இருந்தது. உங்களுக்குப் பதினான்கு வாரம் முடியாமல் போகலாம். எட்டுக்கு ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. பன்னிரண்டு என்றால் ரொம்ப நல்லது. தோட்டக்காரர் சொல்கிற கணக்கில் சந்தேகம் இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். பிறக்கும்போது 100 கிராம், வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் ஏறும். எட்டு வாரக் குட்டி 800, 900 கிராமை ஒட்டி இருக்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளிக்குப் போங்கள், குட்டி எடுத்துவர வேண்டாம். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மாமியாரையும் கூட்டிப்போங்கள். அடுத்தடுத்த வாரங்களும் முடிகிறபோதெல்லாம் போங்கள். உங்கள் பையன் உடுத்திப் போட்ட பழைய பனியன் ஒன்றைக் குட்டிகள் படுக்கிற இடத்தில் விரித்துவிட்டு வாருங்கள், வாசம் பழகட்டும். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் பிறந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தறி அத்தனை இரைச்சலில் ஓடும்போது நூல் மூட்டைமேல் மல்லாந்து தூங்கும். உங்கள் வீட்டு மிக்ஸியும் டிவியும் பையனின் கூச்சலும் இப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழுந்தால் பின்னால் பயப்படாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பையன் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று எழுதிவிட்டு, குட்டியின் குணத்தை மட்டும் விசாரிக்கிறீர்களே, பையனின் குணத்தை யார் சரிசெய்வது? வாலைப் பிடித்து இழுக்கிற கையைச் சாதுவான பூனையும் கீறும், கீற அதற்கு உரிமை உண்டு. நான்கு வயதுக்குச் சொன்னால் புரியும். தூங்கும்போது தொடக்கூடாது, சாப்பிடும்போது தொடக்கூடாது, அதுவாக வந்தால்தான் தூக்கவேண்டும். இந்த நான்கு வாரமும் பாடம் அவனுக்கும்தான்.

எந்தக் குட்டி என்று கேட்டிருந்தீர்கள். நாலைந்து தடவை போய்வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். குட்டிகள் விளையாடும்போது ஒரு சில்வர் டம்ளரை எட்டத்தில் கீழே போடுங்கள். எல்லாம் ஓடும். எது கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மோந்து பார்க்கிறதோ அது உங்கள் வீட்டைத் தாங்கும். கையில் எடுத்தால் முதலில் நெளிந்து, அப்புறம் அடங்குகிற குட்டியா என்று பாருங்கள். முதல் ஆளாய்ப் பாய்ந்து மேலே ஏறுவதை விட, நின்று பார்த்துவிட்டுப் பின்னால் வருவது உங்கள் பையனுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மூலையில் அசையாமல் கிடப்பதைச் சாது என்று எடுத்துவிடாதீர்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்புறம் அழுக்கு இருந்தால் அது நோய், முதலில் மருத்துவரிடம் போகவேண்டும். அது மஞ்சளாக அமைந்தால் உங்கள் மகளுக்கு மகிழ்ச்சி. அமையாவிட்டால், நிறத்தை வைத்துக் குணம் சொல்ல முடியாது என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

தயிர்ச்சோறு போதாது. டாரின் என்கிற சத்து இல்லாமல் பூனைக்குக் கண் போகும், இதயம் வீங்கும். 1987-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள். அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். சமைக்க மனமில்லை என்றால் கடையில் விற்கிற பூனை உணவை வாங்கிப் போடுங்கள், அதில் சேர்த்திருப்பார்கள். அதுவும் ஆகாது என்றால் பூனை வேண்டாம்.

தோட்டக்காரர் சங்கதி மிச்சம் இருக்கிறது. அவர் கெட்டவர் என்று நினைக்கவில்லை, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுப் பார்த்துச் சலித்தவராக இருக்கலாம். இப்படிப் பேசிப் பாருங்கள்: நான்கு குட்டியும் தாயோடு இன்னும் நான்கு வாரம் இருக்கட்டும், தாய்க்குத் தீனிச் செலவு உங்களுடையது, குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துகொடுப்பதும் உங்கள் பொறுப்பு. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைபிடிக்கும், அதனால் அதுவரை வெளியே அலையவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடுமலையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். குட்டிகளுக்கு எட்டாம் வாரத்தில் முதல் தடுப்பூசியையும் அங்கேயே போட்டுவிடலாம். மற்ற மூன்று குட்டிகளுக்கு இங்கே எழுதினால் வாசகர்களில் யாராவது வருவார்கள்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் சனிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். ஞாயிறு காலை நானும் ஊத்துக்குளிக்கு வருகிறேன், சேர்ந்து பேசலாம்.