அந்தப் படத்தில் ஒன்று எனக்கும்

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டத்துக்குக் கமராவோடு போனேன். மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்து அழுத ஓர் அம்மாவைக் கிட்டப் போய் எடுத்தேன். முகநூலில் 1,200 பேர் விரும்பியிருந்தார்கள். நண்பன் ஒருவன் மட்டும், "நீயும் கெவின் காட்டர்தான்" என்றான். அன்றிலிருந்து நித்திரை இல்லை. கலைக்கு எல்லை உண்டா?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு நித்திரை வராமல் போனது நல்ல விசயம். மனம் இன்னும் மரத்துப்போகவில்லை.

கெவின் காட்டரை விடுங்கள். தென்னாபிரிக்கப் படப்பிடிப்பாளர் அவர், 1993இல் சூடானில் பசியால் சுருண்டு கிடந்த பிள்ளையையும் பின்னால் குந்தியிருந்த கழுகையும் எடுத்தார். 1994இல் புலிட்சர் பரிசு வாங்கிய சில மாதங்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். பிள்ளைக்கு உதவாமல் படம் எடுத்தாரே என்று அந்த மனிதரை உலகம் போதுமான அளவு விசாரித்துவிட்டது. கலையின் எல்லையைப் பற்றி மேடைகளில் பேச ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது வேறு. உங்கள் கடிதத்தில் 1,200 என்ற கணக்கு இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் எங்கே? மகனின் பெயர் எங்கே? 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரத்தில் இருப்பவர்கள் அவர்கள். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், மகனின் முகத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே வந்திருக்கிறார்கள். ஆனால் எடுத்ததை அவருக்குக் காட்டினீர்களா? ஒரு பிரதியாவது கொடுத்தீர்களா?

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஸ்டீவ் மக்கரி 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த பச்சைக்கண் சிறுமியை உலகமே அறியும். மறுவருடம் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்த அந்தப் படத்தை, 2002இல் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய முகம், அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இதை என்னால் பொறுக்க முடிவதில்லை. யூஜின் ஸ்மித் என்ற இன்னொரு படப்பிடிப்பாளர் ஜப்பானின் மினமாட்டாவில் எடுத்த படமும் இருக்கிறது, பாதரச நஞ்சால் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படம். மகள் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, உரிமை வைத்திருந்த, ஸ்மித்தின் மனைவியாக இருந்த எய்லீன் ஸ்மித் அதைப் பெற்றோரிடமே விட்டுக்கொடுத்தார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். போர் முடிந்து சில வருடங்களில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு படப்பிடிப்பாளருக்கு மொழிபெயர்ப்பாளராக முல்லைத்தீவுப் பக்கம் போனேன். தகரக் கொட்டில் வாசலில் ஓர் அம்மா. கையில் மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து பிளாஸ்டிக் உறையில் போட்டது. மூலையில் தண்ணீர் புகுந்து ஒரு காது அழிந்திருந்தது. படப்பிடிப்பாளர் எடுத்து முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, உந்தப் படத்தில எனக்கும் ஒண்டு தரச் சொல்லும். நானும் அவனும் சேர்ந்து நிண்ட படம் என்னட்டை ஒண்டும் இல்லை."

மொழிபெயர்த்தேன். அவர் கண்கலங்கினார், கட்டாயம் அனுப்புவேன் என்றார். விலாசத்தை என் கொப்பியில் நான்தான் எழுதினேன். படம் வரவில்லை. இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அது என் குற்றம்.

தம்பி, யாழ்ப்பாணத்தில் நல்ல ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. படத்தைக் கழுவி, பிளாஸ்டிக் உறை போட்டு, இந்தக் கிழமையே பஸ் ஏறுங்கள். பெயரைக் கேட்டு எழுதிவாருங்கள். அந்த அம்மா முகநூலில் இருந்து எடுக்கச் சொன்னால், அங்கேயே நின்று எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா