செபமாலையின் துயர மறைபொருள்களை, அதாவது கெத்சமனி முதல் சிலுவை மரணம் வரையிலான ஐந்து பாடுகளின் காட்சிகளை, சொல்லும்போது மனம் அலைகிறது. ஓவியங்களைப் பார்த்துத் தியானிக்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் படத்தில் இருப்பதெல்லாம் நற்செய்தியிலும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நம் செபப் புத்தகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இரண்டாம் மறைபொருளை "இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது" என்கிறோம். நான்கு நற்செய்திகளில் எதிலும் தூண் கிடையாது, சாட்டையடியே ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகிறது. தூண் மரபு வழியாக வந்தது.

அந்தத் தூணின் உயரத்தைக் கவனியுங்கள். ரோமில் சாந்தா பிரசேதே ஆலயத்தில், 1223இல் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு கல்தூண் வணங்கப்படுகிறது. இடுப்பளவுகூட வராது. பிற்காலச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் குட்டைத் தூண் அடிக்கடி வருவது இதனால்தான். உயரத் தூணில் கட்டினால் உடம்பு சாய்ந்துகொள்ள இடமிருக்கும். குட்டைத் தூணில் கை மட்டும் கட்டுண்டு, முதுகு முழுவதும் சாட்டைக்குத் திறந்து கிடக்கும். பத்துச் சிறுமணிகள் கொண்ட ஒரு பகுதி முழுக்க இதையே தியானிக்கலாம்.

ஒரே இடத்தில் ஐந்து துயர மறைபொருள்களின் படங்களும் வேண்டுமென்றால் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலுள்ள புனித பவுல் ஆலயத்தின் வரிசையைத் தேடுங்கள். முன்பு டொமினிக்கன் சபையாரின் ஆலயமாக இருந்தது அது. 1617 வாக்கில் பல ஓவியர்கள் சேர்ந்து வரைந்த 15 படங்கள். (அப்போது செபமாலைக்கு மொத்தம் 15 மறைபொருள்கள்தான். ஒளியின் மறைபொருள்கள் ஐந்தும் 2002இல்தான் சேர்ந்தன, ஆகவே 20 இருக்காது.) சாட்டையடி ரூபன்ஸ் வரைந்தது, சிலுவை சுமப்பது வான் டைக், சிலுவை மரணம் யோர்டான்ஸ். வான் டைக்குக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை! ரூபன்ஸ் படத்தில் இயேசுவின் இரத்தம் தோய்ந்த முதுகுதான் நம்மைப் பார்க்கிறது.

மற்ற மறைபொருள்களில் எதைப் பார்ப்பது? கெத்சமனிப் படங்களில் தூங்கும் மூவரில் கத்தி வைத்திருப்பவர் பேதுரு. இரத்தம் போன்ற வியர்வையையும் தேற்ற வந்த தூதரையும் லூக்கா மட்டுமே சொல்கிறார். அந்தத் தூதர் கையில் கிண்ணத்தைக் கொடுத்தது ஓவியர்கள். முள்முடிக்கு, பாரிஸ் லூவ்ரில் உள்ள டிஷியன் ஓவியம். வீரர்கள் முடியைக் கோல்களால் அழுத்துகிறார்கள். கையால் அழுத்தினால் அவர்களுக்கே குத்துமே! சிலுவை சுமக்கும் படத்தில் வெரோணிக்கா வந்தால் அது மரபு, சீரேனே ஊர் சீமோன் வந்தால் நற்செய்தி. ஐந்தாவதில் விலாவைப் பாருங்கள். ஈட்டிக் காயம் இல்லையென்றால் அவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று பொருள்.

படம் மட்டும் போதாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஒவ்வொரு மங்கள வார்த்தையிலும் ("அருள் நிறைந்த மரியே" செபத்திலும்) இயேசுவின் பெயருக்குப் பின் அந்தந்த மறைபொருளை ஒரு சிறு தொடராகச் சேர்த்துச் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டில் திரியர் நகரக் கார்த்தூசியத் துறவி, பிரஷ்யாவின் டொமினிக், இப்படி 50 தொடர்களை எழுதினார். தமிழில் அது பெயருக்கு முன்னால் வந்தால்தான் ஓசை கெடாது: "உம்முடைய திருவயிற்றின் கனியும், எங்களுக்காக முள்முடி தரித்தவருமாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே." குடும்பமாகச் சொல்லும்போது முன்பாதியைச் சொல்பவர் மட்டும் சேர்த்தால் போதும். "ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்ற முடிவை மட்டும் மாற்றவே கூடாது. அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் "புனித மரியே" என்று எடுப்பார்கள்; மாற்றினால் இரு குரலும் மோதும்.

பலர் சறுக்குவது வேகத்தில். 53 சிறுமணி, 6 பெருமணி; அவசரமில்லாமல் சொன்னால் இருபது நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் முடிகிறதென்றால் யாரோ ஒருவர் முந்தைய ஆள் முடிக்குமுன்னே தொடங்குகிறார். இன்னொன்று, ஒரு பத்துக்குள் படத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் கண் வேலை செய்யும், மனம் செய்யாது. கைபேசியில் படம் வைத்தால் நாலாவது மணியில் வாட்ஸ்அப் வந்து நிற்கும். ஐந்து படங்களையும் அஞ்சலட்டை அளவில் அச்செடுத்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.