ஜோர்ஜ் நகாஷிமா யார்? வெடித்த பலகையை அவர் ஏன் விலக்கவில்லை?

எங்கள் யாழ்ப்பாணத் தச்சுப் பட்டறைகளில் விறகுக்குப் போகும் வெடித்த பலகையை மேசையாக்கிப் புகழ்பெற்ற நகாஷிமா யார் என்று கேட்டிருக்கிறீர்கள். 1905 இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டடக்கலை பயின்ற அவர், 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் முக்கிய பங்காற்றினார். 'சுந்தரானந்தா' என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது. (இவ்வளவு அருகில் வேலை செய்தவரை நம்மவர் பலர் அறியாதது எனக்கு வியப்பே.) போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே, 1942 இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் மினிடோக்கா தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர், அங்கிருந்த மரபுத் தச்சர் ஒருவரிடம் ஜப்பானியத் தச்சு நுணுக்கங்களைக் கற்றார். மறு ஆண்டு விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார்.

பலகையின் ஓரத்தைச் சீவி நேராக்காமல் மரம் வளர்ந்த வளைவோடே விட்ட அவர், வெடிப்பின் மேல், இடை சிறுத்து இரு முனையும் விரிந்த வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையை, அதன் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓடும்படி இறுக்கிப் பதித்தார். அந்த விரிந்த முனைகளே பலகை மேலும் பிளக்காமல் இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டே கால்களில் நிற்கும் அவருடைய 'கொனோயிட்' கதிரையில் இருக்கை முன்னோக்கித் தாங்கலின்றி நீள்கிறது. 1990 இல் அவர் மறைந்தபின் பட்டறைப் பொறுப்பை மகள் மீரா ஏற்றார்.