நாத்தனார் கொண்டுவந்த சன்ஸ்க்ரீன்

கே: துபாயிலிருந்து நாத்தனார் வாங்கிவந்த பிரான்ஸ் நாட்டு சன்ஸ்க்ரீன், இங்கே மட்டும் ஏன் அநியாய விலை?
– வாசகி, தஞ்சாவூர்

ப: கடைக்காரரைத் திட்டாதீர்கள், அம்மா. முதல் வெட்டு துறைமுகத்திலேயே விழுந்துவிடுகிறது. சுங்கவரி 20 சதவீதம், அந்த வரியில் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆமாம், வரிக்கும் வரி! 100 ரூபாய்ச் சரக்கு கடைக்கு வருமுன்பே 144 ஆகிவிடும். துபாயில் சுங்கம் 5 சதவீதம், வாட் எனும் விற்பனை வரி 5 சதவீதம். சுமார் 110 ரூபாய்தான். இங்கே இறக்குமதியாளர், விநியோகஸ்தர் லாபம் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, சோப்புக்கட்டி, ஷாம்புவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. சன்ஸ்க்ரீனுக்கு அந்தச் சலுகை இல்லை. தஞ்சாவூர் வெயிலை டெல்லியில் யார் கண்டார்கள்? நாத்தனாரோடு சண்டை போடாமல் இருங்கள், அதுதான் லாபம்.